எரிச்சலுக்குக் கூழ்

கடவுளுக்கு நெஞ்செரிச்சல் இருக்கிறது என்று ஒரு காலத்தில் நான் உறுதியாக நம்பினேன். நானாகக் கற்பனை செய்துகொண்டதல்ல. செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டில், தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடத்தில், சண்டே ஸ்கூல் அக்கா முறைப்படி சொல்லிக்கொடுத்துத் தெரிந்துகொண்டது. அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொடுத்ததை அப்படியே நம்புகிற வயது. நம்பியதோடு நிறுத்திக்கொள்ளாமல் அதற்கு வைத்தியமும் பார்க்கப் போனேன். அதனால் வந்த வினைதான் இது.

எங்கள் வீட்டில் அதற்கு முன் கிறிஸ்தவர்கள் யாரும் இல்லை. நைனாவுக்குச் சொந்த ஊர் வல்லம் பக்கம். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தைப் பெரியப்பாவிடம் விட்டுவிட்டு டிரைவராக வந்தவர். ஓட்டியது ஒரு தனியார் பஸ். அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்கு ஸ்பெஷல் விடுவார்கள். அதை ஓட்ட மற்ற டிரைவர்கள் மூக்கால் அழுவார்கள், நைனா மட்டும் தானாகக் கேட்டு வாங்கிக்கொள்வார். அங்காளம்மன் எங்கள் குலதெய்வம். ஆத்தாளைப் பார்க்கப் போகிற சனத்தை ஏற்றிக்கொண்டு போவது வேலையில் சேர்த்தியில்லை என்று சொல்வார். மறுநாள் காலையில் சட்டையெல்லாம் கற்பூர வாசனையோடு வீட்டுக்கு வருவார். கையில் ஒரு பொட்டலம் இருக்கும். எனக்குப் பொரி, அம்மாவுக்கு ஒரு முழம் பூவும் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டும்.

அம்மாவுக்கு அவளுடைய அம்மா இறந்த பிறகு தூக்கம் போய்விட்டது. மாத்திரைக்கும் வரவில்லை, மந்திரிப்புக்கும் வரவில்லை. ஜாக்கெட் தைக்கிற பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் உபவாச ஜெபத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு அம்மா தூங்கினாள். மாதக்கணக்கில் தூங்காதவளுக்குத் தூக்கம் வந்துவிட்டால் அதற்கு மேல் விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஜெபக்கூடம் போக ஆரம்பித்தாள். துணைக்கு நானும் போனேன். எனக்குத் தூக்கப் பிரச்சினை எதுவும் இல்லை; சண்டே ஸ்கூலில் பிஸ்கட் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் அம்மா நெற்றியில் பொட்டு காணாமல் போனது. பிறகு தலையில் பூ. நைனா சண்டை போடவில்லை. ஆனால் வாங்கி வருவதையும் நிறுத்தவில்லை. அமாவாசைக்கு அமாவாசை ஒரு அட்டை வரும். அம்மாவும் வேண்டாமென்று சொல்லமாட்டாள். வாங்கி, முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைப்பாள். கண்ணாடி வரவரச் சுவரை விட்டு முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. பூவை எனக்கு வைத்துவிடுவாள். அந்த ஏற்பாட்டில் லாபம் அடைந்தவள் நான் ஒருத்திதான்.

நைனா இயேசுவை ‘உங்க ஆளு’ என்றுதான் சொல்வார். டியூட்டி இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், நாங்கள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், “இன்னா சொன்னாரு இன்னிக்கி உங்க ஆளு?” என்று கேட்பார். அம்மா நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள். ஆளு என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய பிள்ளைகள் நடுவே வேறு அர்த்தம் இருந்தது எனக்கு அப்போது தெரியாது. நைனா மரியாதையாக விசாரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அன்றைய பாடத்தை நான் ஒப்பிப்பேன். அவர் காதில் வாங்காமல் டி.வி.யைப் போடுவார்.

விடிகாலையில் அம்மா அடுப்படியில் முழங்கால் போட்டு ஜெபிப்பாள். முணுமுணுப்புத்தான், ஆனால் ஒற்றை அறையும் அடுப்படியுமாக இருந்த வீட்டில் முணுமுணுப்பு எங்கே ஒளிந்துகொள்ளும்? கேஸ் தீரப்போவது, என் கணக்கு மார்க், அத்தை சொன்ன ஒரு வார்த்தை, செத்துப்போன தன் அம்மாவின் புடவையை இன்னும் யாருக்கும் கொடுக்க மனசு வராதது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லுவாள். நடுநடுவே சிரிப்புகூட வரும். நைனா பாயில் மல்லாந்து படுத்து, கண்ணைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் என் பக்கம் திரும்பி, “இதெல்லாம் என்னாண்ட என்னிக்காச்சும் சொல்லியிருக்கிறாளா பாரு” என்றார்.

“நீ பஸ்ல பூடற. அவரு எல்லா எடத்துலயும் இருக்கறாரு” என்றேன். போன வாரத்துப் பாடம் அது. சரியாகச் சொன்ன திருப்தியோடு நான் மறுபடி தூங்கிவிட்டேன். நைனா தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வருஷம் அம்மா ஞானஸ்நானம் எடுக்க ஆசைப்பட்டாள். சபைக்காரர் ஒருவருடைய நிலத்தில், பம்புசெட் தொட்டியில் வைத்துக் கொடுப்பார்கள். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாயிற்று. ஆனால் பாஸ்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். “உங்க வீட்டுக்காரர் மனசார சரின்னு சொல்லணும், சிஸ்டர். ஒரு குடும்பத்தப் பிரிச்சி நான் யாரையும் தண்ணியில எறக்க மாட்டேன்” என்றார். அதே பாஸ்டர் பிரசங்கத்தில் தாயையும் தகப்பனையும் விட்டுவிட்டு வரச்சொல்லி மேஜையைக் குத்துகிறவர்தான். மேஜை வேறு, வீடு வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அம்மா நைனாவிடம் கேட்டாள். நைனா, “உன் இஷ்டம்” என்றார்.

தமிழ்க் குடும்பங்களில் இந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அம்மா மறுபடி கேட்டாள். மறுபடியும் உன் இஷ்டம். சாப்பாடு போடும்போது, வேட்டி மடிக்கும்போது, பஸ்ஸுக்குக் கிளம்பும்போது என்று நேரம் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குறித்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. விடிகாலை ஜெபத்தில் இப்போதெல்லாம் அந்த ஒரே விஷயம்தான். அவரைப் பற்றி இன்னொருவரிடம் இவ்வளவு முறையிடுவதை அவரும் பாயில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் சண்டே ஸ்கூலில் தேவனுடைய குணாதிசயங்கள் என்ற பாடம் வந்தது. அக்கா பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தவர். எதையும் விரல்விட்டுச் சொல்லிக்கொடுப்பார். கட்டைவிரல், எங்கும் இருக்கிறவர். ஆள்காட்டி விரல், எல்லாம் அறிந்தவர். நடுவிரல், எல்லாம் வல்லவர். மோதிர விரல், மாறாதவர். எங்கும் இருக்கிறவர் என்றால் மேல்மலையனூரிலும் இருப்பாரா என்று கேட்டேன். அங்கே எங்கள் நைனா அடிக்கடி போகிறார், பார்த்தால் சொல்லுவார் என்ற எண்ணத்தில் கேட்டதுதான். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த விரலுக்குப் போய்விட்டார்.

மூவர் ஒருவர் என்பதை விளக்க அவருக்கு வெளியூர் உதாரணம் தேவைப்படவில்லை. கதவைத் திறந்து வைத்தாலே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்றும் தெரியும். “மலை மூணு. சுத்திப் போற மதிலு ஒண்ணு. அப்ப கோட்டை எத்தன?” என்பார். ஒண்ணு என்று தகரம் அதிரக் கத்துவோம். மற்ற ஊர்ப் பிள்ளைகள் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எது பிதா என்று ஒரு பையன் கேட்டான். உயரமான ராஜகிரி என்று சொல்லிவிட்டார். அப்படியானால் குமாரன் கிருஷ்ணகிரியா என்று அவன் கேட்டபோது அக்காவுக்கு இருமல் வந்தது. பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

சுண்டுவிரலுக்கு மட்டும் நேரம் போதவில்லை. எரிச்சலுள்ளவர் என்று அவசரமாகச் சொன்னார்.

எனக்கு அது புதிதாக இருந்தது. எங்கே எரிகிறது என்று கேட்டேன். அக்காவின் ஒரு கையில் டப்பா, பிள்ளைகள் அதைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றொரு கையால் நெஞ்சை மொத்தமாகத் தொட்டுக் காட்டி, “நாம அவர விட்டுட்டு வேற யார்கிட்டயாவது போனா அவருக்கு இங்க எரியும்” என்றார். அவ்வளவுதான் விளக்கம். பாடம் முடிந்துவிட்டது.

நெஞ்சு எரிவது எங்கள் வீட்டுக்குத் தெரியாத வியாதியா? அடுத்த வீட்டில் இருந்த அத்தைக்கு, அதாவது நைனாவின் அக்காவுக்கு, வருஷம் முழுக்க அதுதான் உபத்திரவம். காரக்குழம்பையும் விடமாட்டாள், எரிச்சலும் அவளை விடாது. ரோஸ் நிற மருந்து குடித்துப் பார்த்தாள், சீரகத் தண்ணீர் குடித்துப் பார்த்தாள். கடைசியில் அவள் கண்டுபிடித்த முடிவு: கூழு ஒண்ணுதான் அடக்கும். மோர் விட்டுக் கரைத்த கேழ்வரகுக் கூழைக் குடித்துவிட்டு, “அப்பாடா, குளுந்துச்சு” என்று அவள் விடும் ஏப்பம் எங்கள் வீடு வரை கேட்கும்.

ஆடி மாசம் வேறு. எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் அந்த ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுகிறார்கள். சனிக்கிழமை அத்தை நொய்யும் மாவும் போட்டுப் பெரிய குண்டானில் துழாவிக்கொண்டிருந்தபோது, ஆத்தாளுக்கு எதற்குக் கூழ் என்று கேட்டேன்.

“ஆடிக் காத்துல அவளுக்கு ஒடம்பெல்லாம் எரியுதுடி. கூழு ஊத்தனாதான் குளுந்து, நம்மள நல்லா வச்சிருப்பா” என்றாள் அத்தை.

எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. ஒருத்திக்குத் தெருவே கூடிக் குண்டான் குண்டானாகக் காய்ச்சுகிறது. இன்னொருவருக்கு எரிச்சல் என்று பாட்டுப் பாடுகிறார்கள், கை தட்டுகிறார்கள், ஒரு டம்ளர் மோர் கொடுக்க நாதியில்லை. அவர் குளிர்ந்தால் அம்மா கேட்பதைச் செய்வார் என்ற கணக்கும் எனக்குள் இருந்தது. அம்மா முணுமுணுத்து முணுமுணுத்து ஒன்றும் நடக்காததற்குக் காரணம் இதுதான் என்று பட்டது. நெஞ்சு எரிகிற நேரத்தில் அத்தையிடம் ஏதாவது கேட்டால் அவள் என்ன பதில் சொல்வாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்து, எங்கள் வீட்டுச் சின்னத் தூக்குப் பாத்திரத்தில் கூழை மொண்டுகொண்டேன். ஆத்தாளுக்குப் படைக்கும்வரை ஈ எறும்புகூட வாய் வைக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள். நான் வாய் வைக்கவில்லையே. முறைப்படி தூக்கின் பிடியில் ஒரு கொத்து வேப்பிலையும் கட்டினேன். பைபிள் பைக்குள் தூக்கு கச்சிதமாக உட்கார்ந்தது. அம்மா அன்றைக்கு எதையும் கவனிக்கிற நிலையில் இல்லை.

ஜெபக்கூடத்துக்கு வந்த பிறகுதான் எங்கே வைப்பது என்ற சிக்கல் எழுந்தது. கோயிலில் இந்தத் தொந்தரவு கிடையாது. ஆத்தா கண்ணை உருட்டிக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். இங்கே சிலை இல்லை, படம் இல்லை. உருவமில்லாதவர் என்று பாடத்தில் வந்திருந்தது. எங்கும் இருக்கிறவர் என்றும் வந்திருந்தது. அப்படியானால் எங்கே வைத்தாலும் சரிதான் என்று தோன்றினாலும், எங்கே வைத்தாலும் சரி என்கிறபோது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது கஷ்டமாக இருக்கிறது. கடைசியில், எல்லாரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, பாஸ்டர் பிரசங்கம் பண்ணுகிற மேஜைக்கு அடியில் தூக்கை வைத்து மூடியைத் திறந்துவிட்டேன். மேஜைக்குப் போட்டிருந்த விரிப்பு தரைவரை தொங்கியது. வெளியே தெரியாது.

புளித்த கூழின் வாசனை மின்விசிறிக் காற்றில் மெல்லப் பரவியது. முன்வரிசைக்காரர்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பாஸ்டர் கொஞ்ச நேரம் சமாளித்தார். அவர் ஒரே இடத்தில் நின்று பேசுகிறவர் அல்ல. ஆவேசம் வந்து ஒரு காலை முன்னால் வைத்தபோது தூக்கு உருண்டது. கூழ் விரிப்புக்கு அடியிலிருந்து புறப்பட்டு, மைக் ஒயரை நனைத்து, படியிறங்கி, முதல் வரிசைப் பாயை நோக்கி வந்தது. வேப்பிலையும் கூடவே மிதந்து வந்தது.

வேப்பிலையைப் பார்த்ததும் ஒரு பெண் வீறிட்டாள். செய்வினை என்று யாரோ சொன்னார்கள். மைக்கை நிறுத்தினார்கள். பாஸ்டர் குனிந்து தூக்கை எடுத்தார். கல்யாணத்துக்கு வந்த சீர்ப்பாத்திரம் அது. அடிவயிற்றில் நைனாவின் பெயர் வெட்டியிருந்தது. பாஸ்டர் அதைப் படித்தார், வாய்விட்டுச் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்து வாய்விட்டே சொன்னார். மொத்தக் கூட்டமும் அம்மா பக்கம் திரும்பியது. புருஷன் ஒப்புக்கொள்ளாதது எல்லாருக்கும் தெரிந்த கதை. இப்போது ஆள் வைத்து வேப்பிலை போட்டிருக்கிறான் என்று அவர்களே முடிவு கட்டியது முகத்தில் தெரிந்தது. இனி அந்தத் தொட்டிக்குத் தான் போகப்போவதில்லை என்று அந்த நிமிஷம் அம்மா நினைத்திருக்க வேண்டும்.

நான் எழுந்து நின்றேன். நைனா பெயரைச் சொல்கிறார்களே, காரியத்தைச் செய்தவள் நானல்லவா என்ற வருத்தம்தான் எனக்கு. “நான்தான் எடுத்தாந்தேன். இயேசப்பாவுக்கு எரிச்சல்னு அக்கா சொன்னாங்க. கூழு குடிச்சா அடங்கிடும்” என்றேன்.

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது பரவி, வீறிட்ட அம்மாள்வரை எல்லாரும் சிரித்தார்கள். சண்டே ஸ்கூல் அக்கா மட்டும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். பாஸ்டர் சிரிக்கவில்லை. என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம், “சாயங்காலம் வீட்டுக்கு வரேன், சிஸ்டர். வீட்டுக்காரர் இருப்பாரா?” என்று கேட்டார்.

வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டவே இல்லை. திட்டாததால் காரியம் நல்லபடியாக முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் அத்தை இடுப்பில் கை வைத்துக் காத்திருந்தாள். குண்டானில் அளவு குறைந்ததும், வாசல் வேப்பங்கொத்து ஒடிந்ததும், எங்கள் வீட்டுத் தூக்கு காணாமல் போனதும் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. “ஆத்தாளுக்குப் படைக்கறதுக்கு மின்ன எடுத்துனு போயி அங்க ஊத்திட்டு வந்திருக்குதே, இத நான் எங்க போயி சொல்லுவேன்” என்று தெருவையே சாட்சிக்குக் கூப்பிட்டாள். என்னுடைய வைத்தியத்தால் அன்றைக்கு இரண்டு தெய்வங்களுக்கும் எரிச்சல் கூடியிருந்தது.

சாயங்காலம் பாஸ்டர் தன் பழைய மொபெட்டில் வந்தார். கழுவித் துடைத்த தூக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். நைனா அன்றைக்கு டியூட்டி முடித்து வந்து, கைலியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “பிரைஸ் த லார்ட், பிரதர்” என்றார் பாஸ்டர். “வாங்க சார்” என்றார் நைனா. இருவரும் முதல்முறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அத்தை அழைப்பு இல்லாமலே வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவினாள். அவ்வளவு பாத்திரம் எங்கள் வீட்டில் இல்லை.

முதலில் அத்தைதான் பிடித்துக்கொண்டாள். “பச்சப்புள்ளைக்கி இன்னா சொல்லிக் குடுத்தீங்க? சாமிக்கு எரிச்சலு, வவுத்து வலின்னுலாம் சொல்லுவாங்களா எங்கியாச்சும்?”

“எரிச்சல்னா அந்த எரிச்சல் இல்லம்மா. பரிசுத்த வைராக்கியம்” என்றார் பாஸ்டர்.

அத்தைக்கு இது மேலும் எரிச்சலைக் கிளப்பியது. அவள் வாயைத் திறக்குமுன் நைனா கையைக் காட்டி நிறுத்தினார். “இரு, அக்கா. நான் கேக்கறேன்” என்றார். பிறகு பாஸ்டர் பக்கம் திரும்பி, மெதுவாக, “புள்ள சொல்லிச்சி. நெசமாவே உங்க புஸ்தகத்துல அப்பிடித்தான் இருக்குதா? எல்லாம் வல்லவரு, எல்லாம் தெரிஞ்சவருன்னு சொல்றீங்க. அம்மாம் பெரிய ஆளுக்கு எதுக்கு சார் எரிச்சல்? யாரப் பாத்து?” என்று கேட்டார்.

இது சண்டைக்குக் கேட்ட கேள்வியில்லை என்று பாஸ்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் பைபிளைத் திறக்கவில்லை. அவரும் சீயமங்கலம் பக்கத்தில் ஏர் ஓட்டுகிற குடும்பத்தில் பிறந்தவர்தான். மேஜைக்கு வைத்திருந்த தமிழைக் கீழே வைத்துவிட்டுப் பேசினார்.

“கட்டனவன் ஒருத்தன் இருக்கிறான்னு வச்சிக்கோங்க. அவ மனசு வேற எங்கியோ போவுது. இவன் அடிக்கல, வையல. ஆனா உள்ள எரியுது இல்ல? அவமேல ஒண்ணும் இல்லன்னா எரியுமா? போனா போறான்னு வுட்டுட்டுப் போயிட மாட்டான்? வேணும்னு நெனைக்கிறதாலதான எரியுது. அதுதாங்க. அத வுட்டா எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல.”

நைனா கைலியின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“அது எனக்குத் தெரியுங்க” என்றார் நைனா.

பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்த்து வந்ததாகத் தெரியவில்லை. அத்தைகூட முகத்தைத் திருப்பித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா குழாயை மூடிவிட்டு வெளியே வந்தாள். கை ஈரத்தைத் துடைக்கவில்லை. நைனாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நைனா திரும்பிப் பார்க்காமலே பாஸ்டரிடம் கேட்டார். “அந்தத் தொட்டி எம்மா ஆழம் சார்?”

“மாரு வரைக்கும் வரும்.”

“இவளுக்குத் தண்ணின்னா பயம். ஏரியில கால் நனைக்கறதுக்கே என் கையப் புடிச்சிக்குவா. நான் கூட நிக்கலாமா?”

“நில்லுங்க பிரதர்” என்றார் பாஸ்டர்.

இந்த முறை நைனா அந்த பிரதரைத் தட்டிவிடவில்லை. டீ போடச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நைனா டியூட்டி மாற்றிக்கொண்டு வந்தார். வேர்க்கடலைக் கொல்லை நடுவே பம்புசெட் இரைந்து தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா வெள்ளைப் புடவையில் தொட்டி விளிம்பில் நடுங்கிக்கொண்டு நின்றாள். நைனா கரையில் நிற்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர் பர்ஸையும் போனையும் என் கையில் கொடுத்துவிட்டு, பேண்ட் சட்டையோடு இறங்கிவிட்டார். சபை மூப்பர் ஒருவர் குஷியாகி, இவரையும் சேர்த்து முழுக்கிவிடலாமே என்றார். “எனக்கு வேணாங்க. இவளப் புடிச்சிக்கத்தான் வந்தேன்” என்றார் நைனா. இதற்கு ஒழுங்குமுறையில் இடம் உண்டா என்று மூப்பர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “புடிச்சிக்கோங்க” என்றார். ஒரு தோளை அவர் பிடித்தார், ஒரு தோளை நைனா பிடித்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே போய் வந்தாள். நைனா அதற்குப் பிறகும் ஜெபக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. மேல்மலையனூர் ஸ்பெஷலையும் விடவில்லை.

எனக்கு இதில் வேறொரு விஷயம்தான் குடைந்துகொண்டிருந்தது. சண்டே ஸ்கூல் அக்காவுக்கே சரியாகச் சொல்லத் தெரியாத பாடம் அது. பாஸ்டரே திக்கித் திணறிச் சொன்னார். அது தனக்கு ஏற்கெனவே தெரியும் என்று நைனா சொன்னாரென்றால், எங்களுக்குத் தெரியாமல் வேதம் படித்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? பஸ் செட்டுக்குச் சாப்பாடு கொண்டு போன ஒரு நாள் டிரைவர் சீட்டுக்கு அடியிலிருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஸ்பேனரும் அழுக்குத் துணியும் குங்குமப் பொட்டலமும் இருந்தன. பீரோவின் மேல்தட்டிலும் தேடினேன். கடைசியில், அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, நைனா அதை எங்கே வைத்துப் படித்தார் என்று கேட்டுவிட்டேன்.

பின்னிக்கொண்டிருந்த கை நின்றது. “அது படிச்சி வர்றது இல்லடி” என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிக் கட்டினாள்.

அந்த வருஷம் குணாதிசயப் பரீட்சையில் எனக்குச் சுண்டுவிரல் கேள்விக்கு முட்டை மார்க். நான் தவறிய பாடத்தில் படிக்காமலே ஒருவர் தேறிவிட்டார் என்பதில் எனக்கு நைனாமேல் வெகுநாள் பொறாமையாக இருந்தது.